தஞ்சாவூர் நாலு வீதி: கோயிலுக்கும் அரண்மனைக்கும் நடுவே இருக்கிற ஊர்

வடவாறு எழுதியது:

வணக்கம். தஞ்சாவூர் வரலாறு என்று யார் இழை தொடங்கினாலும் நாலாவது பதிவுக்குள் பேச்சு பெரிய கோயிலுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அரண்மனை, சரஸ்வதி மகால், அதோடு சரி. நடுவில் மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, கீழ ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என்று ஒரு முழு ஊர் இருக்கிறது. அதை யாரும் எடுப்பதில்லை. இந்த இழை அந்த ஊருக்காக.

அடிப்படைச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் நடக்கிற நாலு வீதி நாயக்கர் காலத்து அமைப்பு. 16-ஆம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் தஞ்சையில் ஆட்சியைத் தொடங்கினார். பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் வளைத்து நிற்பது சின்னக் கோட்டை. அதற்கு வடகிழக்கே அரண்மனையையும் குடியிருப்பையும் சேர்த்து வளைத்தது பெரிய கோட்டை. மதிலுக்கு வெளியே அகழி. மதிலை ஒட்டிய பகுதிகள்தான் இன்றைய கீழ அலங்கம், வடக்கு அலங்கம், மேல அலங்கம் எல்லாம். அதற்கும் உள்ளே நாலு ராஜ வீதி.

1673-இல் விஜயராகவ நாயக்கர் மதுரைப் படையோடு போரிட்டு மாண்டார். சில வருடங்களில் ஏகோஜி தஞ்சையைப் பிடித்தார். மராட்டியர் புதிதாக ஒரு தலைநகர் கட்டவில்லை. நாயக்கர் அரண்மனையிலேயே குடியேறி, வேண்டியதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். தெலுங்குக் குடும்பங்கள் இருந்த தெருவிலேயே மராத்திக் குடும்பங்கள் வந்தன. 1773-இல் ஆற்காடு நவாப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து கோட்டையைப் பிடித்ததும், 1776-இல் அது மராட்டிய மன்னர் துளஜாவுக்குத் திரும்பக் கிடைத்ததும், 1799 ஒப்பந்தத்தில் சரபோஜி நாட்டைக் கம்பெனியிடம் விட்டுக் கோட்டையோடு நின்றதும் புத்தகத்தில் இருக்கிற கதை. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் அரசே கலைந்தது.

தெரு கலையவில்லை. மானோஜியப்பா வீதி, வரகப்பையர் சந்து, நாணயக்காரச் செட்டித் தெரு, அய்யன்கடைத் தெரு என்று பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் படைத்தலைவர், அமைச்சர், நாணய வியாபாரி என்று ஓர் அரசாங்கத்தின் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். மூன்று வம்சத்தின் கதையாகத் தஞ்சாவூரைச் சொல்லிச் சொல்லி, அந்த வம்சங்கள் போன பிறகும் அதே சந்தில் அடுப்பு மூட்டிக் குடியிருந்தவர்களை விட்டுவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். நான் பிறந்து வளர்ந்தது மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். தெரு, வீடு, குளம், தொழில் எதுவானாலும் சரி.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

நல்ல இழை தம்பி. ஆனால் நாயக்கரிடமிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராஜராஜன் கல்வெட்டுகளிலேயே தஞ்சாவூர்த் தெருக்கள் வருகின்றன. ஊரை உள்ளாலை (உள் நகர்), புறம்படி (வெளி நகர்) என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சூரசிகாமணிப் பெருந்தெரு, ராசவித்யாதரப் பெருந்தெரு, நித்தவினோதப் பெருந்தெரு, சாலியத் தெரு, மடைப்பள்ளித் தெரு, ஆனையாட்கள் தெரு. கடைவீதியென்றால் திரிபுவனமாதேவிப் பேரங்காடி, கொங்காள்வார் அங்காடி.

இதைவிடப் பெரியது தளிச்சேரிக் கல்வெட்டு. தளிச்சேரி என்றால் கோயில் பெண்டுகள் குடியிருந்த தெரு. பெரிய கோயிலில் ஆட அழைத்து வந்த 400 பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல் என்று பங்கு. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் (தெருவின் தெற்கு வரிசையில்) தலைவீடு யாருக்கு, இரண்டாம் வீடு யாருக்கு, அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வீட்டு வரிசைப்படி கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெருவில் அடுத்தடுத்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பெயரோடு சொல்ல முடிகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? குடியிருப்பு வரலாறு எழுதுகிறவர் இதை எப்படி விட முடியும்?

வடவாறு எழுதியது:

அண்ணே, தளிச்சேரிக் கல்வெட்டை நான் விடவே மாட்டேன். ஆனால் அந்த வீடுகளுக்கும் இன்றைய நாலு வீதிக்கும் நடுவில் பெரிய உடைப்பு ஒன்று இருக்கிறது. முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அவன் புகழ் பாடும் பகுதி, தஞ்சையையும் உறந்தை என்கிற உறையூரையும் தீக்கிரையாக்கியதைப் பெருமையாகவே சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. கோயில் கருங்கல், நின்றது. மண்ணும் மரமுமாக இருந்த வீடுகள் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அதற்கப்புறம் சேவப்ப நாயக்கர் வரும் வரை முந்நூறு வருடம்.

இன்னொன்று. வெண்ணாற்றங்கரையில் இருக்கிற மாமணிக்கோயில், மணிக்குன்றம், தஞ்சையாளி நகர் என்கிற மூன்று பெருமாள் கோயில்களும் முன்பு வேறு இடத்தில் இருந்து, பின்னால் ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்டவை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கோயிலையே நகர்த்தி வைத்த ஊரில் தெரு அப்படியே இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

சரி, தெருவுக்குத் தெரு தொடர்ச்சி காட்ட என்னிடமும் சான்று கிடையாது. ஆனால் முறைக்குத் தொடர்ச்சி உண்டு. வெளியூர்க் கலைஞர்களை அழைத்து வந்து, வீடு கொடுத்து, நெல் அளந்து, கோயிலையும் அரண்மனையையும் ஒட்டி உட்கார வைப்பது ராஜராஜன் செய்தது. நாயக்கர் செய்தது. மராட்டியர் செய்தது. மேல வீதியைப் பற்றி எழுதப் போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கமகம் எழுதியது:

கல்வெட்டுப்பித்தன் அய்யா வழி விட்டுவிட்டார், நுழைந்துகொள்கிறேன்.

மேல வீதியில் பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்த தங்கக் காமாட்சி. போர்க் குழப்பத்தில் அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்த அர்ச்சகக் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. உடையார்பாளையம், அப்புறம் திருவாரூர், கடைசியில் துளஜா மன்னர் காலத்தில் தஞ்சாவூர். அந்தக் குடும்பத்தில் 1762-இல் திருவாரூரில் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரி. மேல வீதிக்கு வந்து அம்மனுக்குப் பூஜை செய்துகொண்டே பாட்டெழுதினார். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர் ஒரு தெருக் கோயிலின் அர்ச்சகராக வாழ்ந்தார் என்றால் அந்தத் தெருவின் தரம் எப்படி இருந்திருக்க வேண்டும்!

அதே மேல வீதியில்தான் தஞ்சை நால்வர் என்கிற நாட்டிய ஆசான்களான சகோதரர்களின் வீடு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. முத்துசுவாமி தீட்சிதரிடம் கற்றவர்கள். சரபோஜி அவையில் இருந்தவர்கள். அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றைக்கு உலகம் முழுக்க பரதம் ஆடுகிறவர்கள் பின்பற்றுகிற வரிசை இவர்கள் ஒழுங்குபடுத்தியது. அமெரிக்காவில் அரங்கேற்றம் செய்கிற குழந்தை ஆடுவதும் மேல வீதி வரிசையைத்தான்.

அரண்மனையோடு மனத்தாங்கல் வந்து அவர்கள் திருவாங்கூர் போனார்கள். வடிவேலுவுக்கு 1834-இல் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஒரு தந்தப் பிடில் பரிசளித்தார். உடம்பு முழுக்க யானைத் தந்தம். அது குடும்பச் சொத்தாகத் தலைமுறை தாண்டி வந்தது. சின்னையா மைசூர் போனார். பின்னால் வந்த பொன்னையா பிள்ளை, அவர் மகன் கிட்டப்பா பிள்ளை (1913–1999) என்று பரம்பரை தொடர்ந்தது. நால்வரின் உருப்படிகளைச் சுவரப்படுத்தி அச்சில் ஏற்றிக் காப்பாற்றியதில் கிட்டப்பா பிள்ளையின் உழைப்பு பெரியது.

1855-க்கு அப்புறம் நடந்ததைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நெல் அளந்த கை நின்றுபோனது. சென்னை, மைசூர், திருவாங்கூர், பரோடா என்று கலைஞர்கள் சிதறினார்கள். வீணை தனம்மாள் குடும்பத்தின் வேர்கூடத் தஞ்சை அரண்மனைதான். சென்னையில் மார்கழிக் கச்சேரி கேட்கும்போதெல்லாம் எனக்கு மேல வீதி நினைவு வருகிறது.

புன்னைநல்லூரான் எழுதியது:

வயதில் பெரியவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நாலு வீதியைப் புரிந்துகொள்ள வைகாசித் திருவோணத்தன்று வந்து நின்று பாருங்கள். கருட சேவை. வெண்ணாற்றங்கரைப் பெருமாள்கள் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட கோயில்களின் பெருமாள்கள் கொடிமரத்து மூலையில் சேர்ந்து, வரிசையாக நாலு ராஜ வீதியையும் சுற்றி வருவார்கள். மறுநாள் வெண்ணெய்த்தாழி. இத்தனை பெருமாளும் தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் இல்லை. பெரும்பாலும் இந்த வீதிகளிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற சின்னச் சின்னக் கோயில்கள்தான். விஜயராமர், நவநீதகிருஷ்ணன், ராஜகோபாலசுவாமி என்று வீடுகளுக்கு நடுவே வீடு மாதிரியே இருப்பார்கள். மேல வீதியும் வடக்கு வீதியும் சேர்கிற இடத்தில் பிரதாப சிம்மர் கட்டிய மூலை அனுமார்.

அப்புறம் தேர். பெரிய கோயில் தேர் நூறு வருடம் போல ஓடாமல் நின்றது. எங்கள் தலைமுறைக்குத் தேர்முட்டி என்றால் ஆட்டோ நிற்கிற இடம், அவ்வளவுதான். புதுத் தேர் செய்து 2015 ஏப்ரலில் வீதிக்கு வந்தது. நான் தெற்கு வீதியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த வீதிகளின் அகலத்துக்குக் காரணம் என் கண்ணுக்குப் பட்டது. கார் நிறுத்துவதற்கு இடம் போதவில்லை என்று தினமும் சண்டை நடக்கிற அதே தெருவில், தேரும் வடமும் ஆயிரக்கணக்கான ஜனமும் தாராளமாகப் போகிறது. திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நிற்க இடம், வடம் வளைய இடம். மூலை ஒவ்வொன்றும் அதற்கென்று விட்டு வைத்தது.

முன்னால் தள்ளி வந்த ஓட்டுச் சார்ப்புகள், கடைப் பலகைகள், தாழத் தொங்கிய மின்கம்பி எல்லாவற்றையும் அப்போது ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. தேர் ஓடாத நூறு வருடத்தில் வீதி எவ்வளவு சுருங்கியிருந்தது என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

கீழவாசல் பெண் எழுதியது:

எல்லாரும் கோட்டைக்கு உள்ளே நின்றே பேசுகிறீர்கள். நான் வெளியே இருந்து வருகிறேன்.

கீழவாசல் கிழக்கு வாசலுக்கு வெளியே வளர்ந்த பகுதி. கடை, மண்டி, பட்டறை எல்லாம் இங்கேதான். பூமால் ராவுத்தர் கோயில் தெரு என்று ஒரு தெருப் பெயர் போதும், யார் யாரெல்லாம் கலந்து இருந்தார்கள் என்று தெரிய. தெற்கே மானம்புச்சாவடியில் பட்டு நெய்த சௌராஷ்டிரக் குடும்பங்கள். வேதநாயகம் சாஸ்திரியார் வாழ்ந்ததும் தஞ்சாவூரில்தான். சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர், சரபோஜிக்கு இளவயதுத் தோழர். ராஜ வீதியில் தில்லானா உருவான காலத்தில் இங்கே கிறித்தவக் கீர்த்தனை உருவானது. இதையும் அதே வரலாற்றில் சேருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராஜ வீதி வீடு என்றால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கிணற்றடி, கொல்லை என்று தெருவிலிருந்து நீளமாகப் போய்ப் பின்னால் ஒரு சந்தில் முடியும். அந்தப் பின்சந்து எதற்கு? மலம் அள்ளுகிறவர்கள் வந்து போக. முன்வாசல் தெருவில் அவர்கள் நடக்கக் கூடாது. அந்தச் சந்துகளும் நாலு வீதி வரலாறுதானே? அரண்மனை தேவஸ்தானக் கோயில்கள் 1939-இல்தான் எல்லாருக்கும் திறக்கப்பட்டன. காந்தி அதைப் பாராட்டினார். அதற்கு முன்னால் இந்த வீதிகளில் யார் எதுவரை வரலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. நால்வர் வீட்டைப் பற்றி எழுதுகிற கையோடு அதையும் எழுத வேண்டும்.

அலங்கத்துக்கு வருகிறேன். மதில் சிதைந்த பிறகு மேட்டிலும் அகழிக் கரையிலும் குடிசை போட்டவர்கள் ஊருக்கு வேலை செய்தவர்கள். துப்புரவு, வண்டி, கட்டட வேலை, வீட்டு வேலை. இரண்டு மூன்று தலைமுறை அங்கேயே இருந்தார்கள். அகழியைச் சீர்படுத்தும் திட்டம் வந்தபோது அந்த வீடுகள் எடுக்கப்பட்டன. என் சித்தி குடும்பமும் அதில் ஒன்று. ஊருக்கு வெளியே மாற்று வீடு கிடைத்தது. ஆனால் வேலை பார்த்த வீடுகள் எல்லாம் வடக்கு வீதியில். ஒரு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்று வந்து பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்புவது எத்தனை நாளைக்கு முடியும்? இப்போது போவதில்லை. பழைய ஊரைக் காப்பாற்றுவது என்று பேசும்போது, கல்லோடு சேர்ந்து ஆளையும் எண்ணுங்கள்.

வடவாறு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியது இந்த இழைக்குக் கட்டாயம் வேண்டியது. எங்கள் சந்தே அப்படி ஒரு பின்சந்துதான். பெரிய வீட்டுக் கொல்லைகளைப் பிரித்து விற்ற பிறகு, கொல்லையில் கட்டிய வீடுகளுக்கு அதுவே வாசல் தெருவானது. அங்கே வளர்ந்த எனக்கு, பெரிய வீடுகள் முதுகைக் காட்டியபடியே பழக்கம்.

நீர்மட்டம் எழுதியது:

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் பங்குக்குத் தண்ணீர்க் கதை. என்னைக் கேட்டால் நாலு வீதியின் மிகப் பெரிய சாதனை அரண்மனை இல்லை, தரைக்கு அடியில் இருந்த குழாய்.

தஞ்சாவூர்க் கோட்டை மேட்டு நிலம். வடவாறு வடக்கே தாழ்வில் ஓடுகிறது. கல்லணைக் கால்வாய் வந்தது 1934-இல்தான். அதற்கு முன்னால் இத்தனை ஜனத்துக்கும் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேற்கே சேவப்ப நாயக்கன் ஏரி. மழைநீர் அங்கே சேரும். வண்டல் அடியில் தங்கித் தெளிந்த நீர் சிவகங்கைக் குளத்துக்கு வரும். சிவகங்கையிலிருந்து தரைக்கடியில் ஓடிய நீர்வழி மேல வீதிப் பக்கத்து அய்யன் குளத்துக்கும், கீழ வீதிப் பக்கத்துச் சாமந்தான் குளத்துக்கும், ஊர்க் கிணறுகளுக்கும் தண்ணீர் கொண்டுபோனது. மராட்டியர் காலத்தில் இதற்கு ஜலசூத்திரம் என்று பெயர். மோடி என்கிற பழைய மராத்தி எழுத்தில் இருக்கிற அரண்மனைக் கணக்குகளில் இதன் பராமரிப்புச் செய்திகள் உண்டு.

இதில் மோட்டார் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற இயல்பு ஒன்றுதான் சக்தி. வழி நெடுகக் கிணறு போல வாய் வைத்திருந்தார்கள். அடைப்பு எடுக்கவும் காற்று வெளியேறவும் அது உதவும். அய்யன் குளத்தைச் சமீப காலத்தில் தூர் எடுத்தபோது செங்கல் கட்டுமானத்தோடு அந்த நீர்வழி வெளியே தெரிந்தது. நான் போய்க் குனிந்து பார்த்தேன். மெல்லிய பழங்காலச் செங்கல், சுண்ணாம்புக் காரை. உள்பக்கம் வளைவாகப் பூசி, பாசி பிடிக்காத அளவுக்கு வழுவழுப்பாக இருந்தது. வாய்ப் பகுதியில் மட்டும் வண்டல் ஏறி இறுகியிருந்தது. இந்தக் காலத்து மழைநீர் வடிகாலுக்குள் அதே மாதிரி பூச்சு போட ஆள் பிடிக்க நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

இது எப்படிக் கெட்டது? ஏரியின் வரத்துப் பகுதி வீடானது. சிவகங்கைக்கு நீர் வருவது குறைந்தது. தெருவில் பைப்பு வந்ததும் குளத்தை யாரும் தேடவில்லை. தேடாத குளத்தில் குப்பை விழும், குப்பைக் குளத்தை மூடத் தோன்றும். நல்லவேளையாக அய்யன் குளமும் சாமந்தான் குளமும் மூடப்படாமல் தப்பித்தன. இப்போது படித்துறையும் விளக்குமாக அழகாக இருக்கின்றன. ஆனால் நடைபாதையைவிட வரத்து முக்கியம். சேவப்ப நாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கை வரைக்கும் வழி திறந்தால்தான் இவை குளம்.

வடவாறு தம்பி விட்டுவிட்ட இன்னொரு தேதி 1861. நாகப்பட்டினத்திலிருந்து ரயில் தஞ்சாவூர் வந்த வருடம். ஸ்டேஷன் கோட்டைக்குத் தெற்கே அமைந்தது. அரசாங்கக் கச்சேரி, ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாம் தெற்கே நகர ஆரம்பித்தன. நாலு வீதி பழைய ஊர் ஆனது அப்போதுதான். ஒரு வகையில் அதனால்தான் பிழைத்தது என்பேன். ஸ்டேஷன் கோட்டைக்குள் வந்திருந்தால் ஒரு சந்துகூட மிஞ்சியிருக்காது.

பலாமரம் எழுதியது:

எங்கள் வீட்டில் வீணை செய்கிறோம். தெற்கு வீதிப் பக்கம். தாத்தாவுக்கு முந்தைய தலைமுறையிலிருந்து இதே தொழில். ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டு (தந்தியை அழுத்தி வாசிக்கிற குறுக்குக் கம்பி) நிலையாக வைத்த வீணை வந்தது என்பார்கள். அதனால் இந்த ஊரில் எங்களுக்கு ஒரு தனி இடம் உண்டு.

நான் வரலாறு படித்தவன் இல்லை. வேலையைச் சொல்கிறேன், அதிலிருந்து தெருவை நீங்கள் புரிந்துகொள்ளுங்கள். பலாமரம் வேண்டும். பண்ருட்டிப் பக்கமிருந்து வரும். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. குடத்தின் உள்பக்கத்தைக் குடையும்போது கண்ணால் பார்த்துப் பிரயோஜனமில்லை. விரல் கணுவால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கனம் குறையக் குறைய ஓசை மாறும். எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுக்க முடியாது. கடைசியில் மெழுகும் கரியும் சேர்த்துக் காய்ச்சி மெட்டு வைப்பது. வெயில் காலத்தில் மெழுகு இளகும் என்பதால் மத்தியானம் அந்த வேலையைத் தொட மாட்டோம், விடியற்காலையில் செய்வோம்.

இதற்கு இடம் வேண்டும். மரத்தை மாதக்கணக்கில் காய வைக்க நிழலான கொல்லை, குடைவதற்கு வெளிச்சமான முற்றம், தட்டும்போது சத்தம் கேட்க அமைதி. கீழவாசல் அக்கா சொன்ன நீளமான வீடு எங்கள் தொழிலுக்குப் பட்டறை. கொல்லையைப் பிரித்து விற்றால் மரம் காய வைக்க முடியாது. 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் என் தம்பி கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போய்விட்டான். வாடகைக்குப் பட்டறை எடுத்துச் செய்கிற அளவுக்கு இதில் வரும்படி இல்லை. பாகம் பிரித்த வீட்டில் இந்தத் தொழில் நிற்காது.

திருவல்லிக்கேணிவாசி எழுதியது:

முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். என் அப்பா வழிப் பாட்டி வீடு மேல வீதியை ஒட்டி இருந்தது. வெகு காலத்துக்கு முன்பே விற்றுவிட்டார்கள். நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் இப்போது இல்லை. பரணில் இருந்த பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்திருக்கிறது. பழைய கதவு எண்தான் இருக்கிறது. இன்று எது அந்த வீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வடவாறு எழுதியது:

கதவு எண்ணை நம்பாதீர்கள், அது பல முறை மாறியிருக்கும். பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும், அதுதான் உங்களுக்கு வழி. டவுன் சர்வே எண் இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக் பிடித்துவிடலாம். சர்வே எண் இல்லாத அளவுக்குப் பழையதென்றால், பத்திர எண்ணையும் வருடத்தையும் வைத்துப் பதிவு அலுவலகத்தில் தேடுங்கள். அதற்குப் பிந்தைய விற்பனைகளுக்கு வில்லங்கச் சான்று போட்டால் கை மாறிய வரிசை கிடைக்கும். மராட்டியர் கால மானியம் என்று பத்திரத்தில் குறிப்பு இருந்தால் மோடி ஆவணம் வரைக்கும் போக வேண்டிவரும். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது.

பெயர்களை விட்டுவிட்டு எல்லைகளை மட்டும் இங்கே தட்டச்சுங்கள், பார்ப்போம்.

திருவல்லிக்கேணிவாசி எழுதியது:

நன்றி. எல்லைகள் இப்படி இருக்கின்றன. கிழக்கே ராஜ வீதி. வடக்கே ஒரு ராவ் அவர்களின் வீடும் தோட்டச் சுவரும். மேற்கே கொல்லைச் சந்து. தெற்கே ‘குளத்துக்குப் போகும் நீர்வழி நீங்கலாக’ என்று எழுதி, அதற்கப்புறம் பக்கத்து வீட்டு மனை. கிணற்றில் பாதி பாத்தியம் என்றும் ஒரு வரி இருக்கிறது.

நீர்மட்டம் எழுதியது:

அந்தத் தெற்கு எல்லை வரியைப் படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிழக்கே ராஜ வீதி என்றால் மேல வீதியின் மேற்குச் சிறகு. அங்கே ‘குளம்’ என்றால் பெரும்பாலும் அய்யன் குளம்தான். ‘நீங்கலாக’ என்று தனியே விட்டு எழுதியிருப்பதால் அது தனியார் சொத்தாக இருந்திருக்காது.

ஆனால் உடனே ஜலசூத்திரம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தெரு மழைநீரைக் குளத்துக்கு விடுகிற திறந்த வாய்க்காலாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல மூன்று விஷயம் வேண்டும். பத்திரத்தில் நீர்வழிக்கு அகலம் கொடுத்திருக்கிறதா? அந்தப் பாதி பாத்தியக் கிணறு மனையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறதா, நடுவிலா? தெற்கு ஓரத்தில் இருந்தால், நீர்வழியின் மேல் வைத்த வாய்க் கிணறாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது, பக்கத்து மனைப் பத்திரத்திலும் வடக்கு எல்லையாக இதே நீர்வழி வருகிறதா?

திருவல்லிக்கேணிவாசி எழுதியது:

கிணறு எந்த ஓரம் என்று பத்திரத்தில் இல்லை. அகலம் இருக்கிறது, ‘முழம் இரண்டு’ என்று. பொங்கல் விடுமுறையில் தஞ்சாவூர் வருகிறேன். யாராவது கூட வர முடியுமா?

பலாமரம் எழுதியது:

வாங்க. நீங்கள் சொல்கிற பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று இன்னும் இருக்கிறது, அதில் குடியிருப்பவர் எங்களிடம் வீணைக்கு மெட்டு வைக்கக் கொடுத்தவர்தான். கிணற்றைப் பார்க்க வீட்டுக்குள் விடுவார். நீர்மட்டம் அய்யாவையும் கூட்டிக்கொண்டு போவோம். காலையில் பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் எனக்கு மெழுகு வேலை.